பங்க்கு பானுமதியும் ஆறு தோட்டாவும்

துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்த அன்று பானுமதி தன் பெட்ரோல் பங்க்கில் வேலை செய்யும் எல்லோருக்கும் ஆளுக்கொரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாள். பன்னைத் தின்றுகொண்டே ஆளாளுக்கு அந்தச் சின்னப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்கள். உள்ளே ஒட்டியிருந்த படத்தில் அவள் யாரையோ சுட்டுவிட்டு வந்தவள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள். போட்டோ எடுத்த அன்று ஸ்டூடியோவில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் வியர்வையில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம், முறைப்பே இருக்கட்டும், அதற்குத்தானே லைசென்ஸ் என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொல்லிவிட்டார்கள்.

காரிமங்கலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கிளைச்சாலை ஒன்று பிரியும் இடத்தில் இருக்கிறது அந்த பங்க். இண்டூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த பானுமதி, இருபது வயதில் மாதவராஜைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். பங்க் அவர் ஆரம்பித்தது. மதியச் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறவளாகத்தான் முதலில் அங்கே கால் வைத்தாள். ஒரு தீபாவளிக்கு ஆட்கள் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் பெட்ரோல் போட ஆரம்பித்தாள். அன்றைக்கு ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பாள். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் சேலைமேல் ஆண் சட்டை போடுவது இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்ததுதான். முதலாளியம்மாள் போட்டுக்கொண்டு நின்றது புதுசு. நான்கு வருஷத்துக்கு முன் மாரடைப்பில் மாதவராஜ் போன பிறகும் அதே சட்டைகள்தான். காலர் கிழிந்தால் பிரித்துத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொள்வாள்.

வேலையில் அவள் கெட்டி. தொட்டியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் திரை காட்டும். அதை அவள் நம்ப மாட்டாள். தினம் காலையில் மூடியைத் திறந்து அளவுகோலை விட்டு, எடுத்து, ஈரம் எந்தக் கோடுவரை ஏறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி. வண்டிக்கு எண்ணெய் போடும் முன் மீட்டரைக் கையால் காட்டி "ஜீரோ பாத்துக்குங்க" என்று சொல்லாமல் ஒரு சொட்டு விட மாட்டாள். அவசரமாக வந்த கலெக்டர் ஆபீஸ் ஜீப் டிரைவர் ஒருவர், "அதெல்லாம் வேணாம்மா, போடுங்க" என்றபோது, "நீங்க பாக்கற வரைக்கும் நான் போட மாட்டங்க" என்று நின்றவள்.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் தைரியம் விட்டுப்போய்விட்டது. பங்க்குக்கும் வீட்டுக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர். அதில் ஏரிக்கரை வளைவு ஒன்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு சாயங்காலம், ஸ்கூட்டரில் வசூல் பையோடு வந்தவளை அந்த வளைவில் பைக்கில் வந்த இரண்டு பேர் பையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். வலது மணிக்கட்டு உடைந்தது. தகடு வைத்து நான்கு திருகாணி முடுக்கினார்கள். கை கூடிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அந்த வளைவை அவள் தனியாகக் கடந்ததில்லை. பங்க் காவலாளி சென்றாயன் தன் மொபட்டில் பின்னாலேயே வந்து வாசல்வரை விட்டுவிட்டுத் திரும்புவார். ஊரையே அதட்டுகிற பொம்பளை, ஒரு வளைவுக்குத் துணை தேடுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மகன் தமிழ்ச்செல்வன் ஒசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர்; பெண்டாட்டி, மகளோடு அங்கேயே குடியிருக்கிறான். அம்மா விழுந்த நாளிலிருந்து அவன் பிடித்த பிடியை விடவில்லை. பங்க்கை லீசுக்கு விட்டுவிட்டு ஒசூருக்கு வந்துவிட வேண்டும். அவள் மாட்டேன் என்றாள். வாரா வாரம் போனில் இதே சண்டை. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான்.

"சரி, லைசென்ஸ் வாங்கு. இடுப்புல ஒரு துப்பாக்கி இருக்கட்டும். அது இருந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா சாவியக் குடுத்துட்டு என்கூட வந்துடணும்."

அது கிடைக்காது என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னான். போலீஸ் விசாரணை, டாக்டர் சான்று, சேலத்தில் பயிற்சி, தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று ஒன்றரை வருஷம் அலைந்தாள் பானுமதி. ஒவ்வொரு படியிலும் இந்தம்மா இத்தோடு விட்டுவிடும் என்று எதிர்பார்த்தார்கள். விடவில்லை. லைசென்ஸ் வந்துவிட்டது. ஆயுதத்தையும் வாங்கிவிட்டால் பங்க்கும் வீடும் அவளோடு இருக்கும். இனி ஒரே கேள்விதான் பாக்கி. ரிவால்வரா, பிஸ்டலா?

அந்தக் கேள்வி பங்க்கை இரண்டாகப் பிளந்துவிட்டது.

ரிவால்வர் கட்சிக்குத் தலைவர் சென்றாயன். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். அங்கே அவர் ஓட்டியது லாரி என்பதும், பிஸ்டலைக் கையில் பிடித்தது மொத்தம் ஒரே ஒரு தடவை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் மீசையைத் தடவிக்கொண்டு பேசும்போது யாரும் அதை ஞாபகப்படுத்துவதில்லை.

"மா, ரிவால்வர் நம்ம மொபட் மாதிரிங்க. உதைச்சா ஓடும். பிஸ்டலு இந்தக் காலத்துக் காருங்க. ஓடற வரைக்கும் நல்லா ஓடும், நின்னுச்சின்னா மெக்கானிக்கத் தேடணும்."

பிஸ்டல் கட்சியை ஒசூரிலிருந்து போன் வழியாக நடத்தினான் தமிழ்ச்செல்வன். தினம் இரண்டு வீடியோ அனுப்புவான். "ரிவால்வரெல்லாம் பழைய காலத்துதும்மா. நடுவுல உருண்டையா வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கும். பிஸ்டல் தட்டையா இருக்கும், இடுப்புல இருக்கறதே தெரியாது. எட்டு குண்டு புடிக்கும். ரிவால்வர்ல ஆறுதான்."

ஸ்பீக்கரில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த சென்றாயன் குனிந்து போனுக்குள் பேசினார். "வந்தவனுங்க ரெண்டு பேருதாங்க தம்பி. எட்டு என்னாத்துக்கு?"

எதிர்க் கடையில் டீ குடிக்கிறவர்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். காற்றுப் பிடிக்க நின்ற லாரி டிரைவர்கள்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் போகவில்லை. தும்கூரிலிருந்து தேங்காய் ஏற்றி வரும் ஒருவர் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேடம்மா, எரடூ பேட, ஒந்து நாயி சாகி" என்றார். இரண்டும் வேண்டாம், ஒரு நாய் வளர்த்தால் போதும் என்பது அவர் கட்சி. அதில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

பானுமதி யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதவள் பேச்சைக் கேட்டா முடிவு செய்வாள்? எது வாங்கினாலும் தினமும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை உடம்போடு இருக்கப்போகிறது. முதலில் உடம்பு அதைத் தாங்குகிறதா என்று பார்ப்போம் என்று முடிவு கட்டினாள். இரண்டுமே ஏறக்குறைய முக்கால் கிலோ எடை என்று சொல்லியிருந்தார்கள். ரிவால்வருக்குப் பதிலாக அடுப்படியிலிருந்து இஞ்சி இடிக்கிற குட்டைக் குழவியை எடுத்தாள். பிஸ்டலுக்குப் பதிலாக, மகன் போட்டுவிட்டுப் போன பழைய பவர் பேங்க் இரண்டை ஒன்றாக வைத்து டேப் சுற்றினாள். தராசில் போட்டுப் பார்த்தாள். இரண்டுமே கிட்டத்தட்ட சரியாக வந்தன.

அடுத்தது உறை. வண்டிக்கு சீட் கவர் தைக்கும் ராஜாவிடம் போய்க் குழவியை மேஜைமேல் வைத்தாள். சந்தைக்குப் போகிறவர்கள் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட்டையும் பக்கத்தில் வைத்தாள்.

"இதுக்கு ஒரு உறை தெச்சு இந்த பெல்ட்டுல சேத்துக் குடு."

ராஜா குழவியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அக்கா, குழவிக்கா கவரு?"

"ஆமா. மேல ஒரு பட்டன் வையி. ஓடும்போது கீழ வுழக் கூடாது."

ராஜா அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல கறுப்பு ரெக்ஸினில், சிவப்பு நூலில் ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தான். பவர் பேங்க்குக்கும் ஒன்று.

முதல் நாள் குழவி, வலது பக்கம், சட்டைக்குள். நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தால் விலாவில் முட்டுக் கொடுத்தது. குனிந்து தொட்டி மூடியைத் திறந்தால் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து தொப்புளுக்குப் பக்கத்தில் நின்றது. ஸ்கூட்டரில் பள்ளத்தில் இறங்கினால் எலும்பில் ஒரு இடி. சாயங்காலத்துக்குள் இடுப்பு கன்றிப்போய்விட்டது. இரண்டாம் நாள் பவர் பேங்க், இடது பக்கம். வலது மணிக்கட்டு முழுசாகத் திரும்பாததால் கையைக் குறுக்கே நீட்டி எடுக்கலாமே என்று ஒரு யோசனை. மகன் சொன்னது சரிதான். தட்டையாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. பத்து மணிக்கு மேல் அது இருப்பதே மறந்துபோய்விட்டது. பிஸ்டல்தான் என்று மனசுக்குள் முக்கால்வாசி முடிவாகிவிட்டது.

இதற்கு நடுவில்தான் குள்ளம்மாள் புகுந்தாள். பங்க்கைப் பெருக்கித் துடைக்கிறவள், பானுமதிக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். முதல் நாள் டீ கொடுக்க வந்தவளின் முழங்கை பானுமதியின் வலது இடுப்பில் பட்டது. கல் மாதிரி இருந்தது. கல்தானே.

"யக்கா, இடுப்புல என்னாக்கா அது?"

குழவியைக் கட்டிக்கொண்டு திரிகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? "ஒண்ணுமில்ல போ" என்றாள் பானுமதி. சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முகத்தைத் திருப்பியதைக் குள்ளம்மாள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அவள் நாத்தனாருக்கும் இப்படித்தான் ஒரு கட்டி வந்தது, அவளும் ஒண்ணுமில்லை என்றுதான் சொன்னாள். அன்று ராத்திரி குள்ளம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் வேண்டுமென்றே பக்கத்தில் வந்து உரசிப் பார்த்தாள். வலது பக்கம் மெத்தென்று இருந்தது. அம்மாடி என்று மூச்சுவிடும்போதே இடது பக்கம் கை பட்டது.

அவ்வளவுதான். பெருக்குமாறைப் போட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் ஓடினாள். அங்கிருந்து ஒசூருக்குப் போன் போனது.

"தம்பி, நான் குள்ளம்மா பேசறன். ஒங்கம்மாவுக்கு இடுப்புல கட்டி. நேத்து வலது பக்கம் உருண்டையா இருந்துச்சு. இன்னிக்கி எடது பக்கம் தட்டையாப் பரவிடுச்சு சாமி!"

தமிழ்ச்செல்வன் கம்பெனியில் லீவு சொன்னானா இல்லையா என்பது அவனுக்கே தெரியாது. பைக்கை எடுத்தவன் பங்க்கில் வந்துதான் நிறுத்தினான். உச்சி வெயிலில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "வா, தர்மபுரியில ஸ்கேனுக்கு சொல்லி வச்சிட்டேன். கெளம்பு."

"யாருக்குடா ஸ்கேன்?"

"ஏம்மா மறைக்கற? அப்பாவும் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாரு. நானும் நம்பி டூட்டிக்குப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள போயிட்டாரு." சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது.

பானுமதிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. சுற்றிலும் பார்த்தாள். குள்ளம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எண்ணெய் போட வந்த இரண்டு பேர் வண்டியை அணைத்துவிட்டு மரியாதையாக நின்றார்கள். இனி மானத்தைப் பார்த்து என்ன பிரயோசனம்? சட்டையைத் தூக்கி, உறையின் பட்டனைக் கழற்றி, டேப் சுற்றிய பவர் பேங்க்கை எடுத்து மகன் கையில் வைத்தாள். ஆபீஸ் ரூமுக்குள் போய்க் குழவியையும் கொண்டுவந்து இன்னொரு கையில் வைத்தாள்.

"இது பிஸ்டலு. இது ரிவால்வர். எது தோதுன்னு கட்டிப் பாத்தேன்."

தமிழ்ச்செல்வன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஆயில் டின் ஒன்றின்மேல் தொப்பென்று உட்கார்ந்தான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிந்து மூடிக்கொண்டது. கடைசியில் பங்க்கே சிரித்தது, குள்ளம்மாளைத் தவிர. அவள் மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். கட்டி இல்லாவிட்டாலும் மாவிளக்கு போட்டுத்தான் ஆக வேண்டுமா என்று அவளுக்குக் கவலை. அதைத் தானே போட்டுவிடுவதாகப் பானுமதி ஒப்புக்கொண்டாள்.

ஆனால் மகன் சொன்னது அவள் மனசில் தங்கிவிட்டது. இவ்வளவு நாள் அவன் பிடிவாதம் பிடிக்கிறான் என்று கோபித்துக்கொண்டிருந்தாள். அவன் பயந்துகொண்டிருந்தான்.

வந்தது வந்தான், கையோடு வாங்கிவிடலாம் என்று மறுநாள் சேலத்துக்கு மூவரும் கிளம்பினார்கள். மூன்றாமவர் சென்றாயன். பட்டாளத்துக்காரர் இல்லாமல் துப்பாக்கிக் கடைக்குப் போகலாமா?

கடைக்காரர் வயசானவர், நிதானமானவர். லைசென்ஸைப் படித்துப் பார்த்துவிட்டு, ரிவால்வர் ஒன்றையும் பிஸ்டல் ஒன்றையும் கம்பளித் துணிமேல் வைத்தார். பயிற்சியில் பானுமதி நீளத் துப்பாக்கியைத்தான் பிடித்திருந்தாள். இவை கைக்கு அடக்கமாக, பார்க்க அழகாகவே இருந்தன. அது அவளுக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"முதல்ல பிஸ்டலக் காட்டுங்க" என்று முந்திக்கொண்டான் தமிழ்ச்செல்வன். வீடியோ பார்த்துப் பார்த்து அவனுக்கு எல்லாம் அத்துப்படி. பொத்தானை அமுக்கித் தோட்டா வைக்கும் கூட்டை உருவி எடுத்தான். அதில் ஒன்றுமில்லை. "பாரும்மா, இவ்வளவுதான். இப்ப காலி."

"காலிங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"காலிங்க."

"மேல இருக்கற இரும்பப் பின்னால இழுங்க தம்பி."

இழுத்தான். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி வந்து மேஜைமேல் விழுந்து உருண்டது. சென்றாயன் சட்டென்று பானுமதியைப் பின்னால் இழுத்தார்.

"பயப்படாதீங்க, மருந்தில்லாத டம்மி. வர்றவங்க எல்லாருக்கும் நான் வைக்கற பரீட்சை" என்று சிரித்தார் கடைக்காரர். "கூட்ட உருவினாலும் ஒண்ணு குழல்ல நிக்கும். பத்துல எட்டு பேரு காலின்னுதான் சொல்லுவாங்க. பிஸ்டலக் குறை சொல்லலீங்க. தெனம் பழகற கைக்கு அதுதான் தோது. ஆனா பழகணும்."

தமிழ்ச்செல்வனின் முகம் சுருங்கிவிட்டது. பானுமதி அந்தத் தோட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தவன், மெஷினோடு பழகுகிறவன், நூறு வீடியோ பார்த்தவன். அவனே காலி என்று சொல்லிவிட்டான். அவளும் பிஸ்டலின் மேல் இரும்பை இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டில் தகடு இருக்கும் இடத்தில் சுரீரென்றது. பாதிக்குமேல் வரவில்லை.

ரிவால்வரை எடுத்தாள். கடைக்காரர் காட்டியபடி நடுவிலிருந்த உருளையை வெளியே தள்ளி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். ஆறு ஓட்டை. ஆறு வழியாகவும் எதிர்க் கட்டடத்துச் சுவர் தெரிந்தது. விசையை இழுக்கப் பலம் வேண்டியிருந்தது, ஆனால் விரலுக்கு எட்டியது. மூடினாள், திறந்தாள், மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தன்னையறியாமல் அதை மகன் பக்கம் நீட்டி, "ஜீரோ பாத்துக்க" என்றாள்.

அதோடு வழக்கு முடிந்தது. "பேத்தி வந்து போற வூடு. தொறந்தா காலியா இல்லியான்னு கண்ணுக்குத் தெரியணும்டா. விலாவுல இடிச்சா இடிக்கட்டும்" என்றாள். தமிழ்ச்செல்வன் தலையாட்டினான். சென்றாயன் வழியெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டு வந்தார். தர்மபுரி வந்தபோது மீசையே வலித்திருக்கும்.

மறுநாளே போலீஸ் ஸ்டேஷனில் காட்டிப் பதிவு செய்தாள். ராஜா குழவிக்குத் தைத்த உறை கச்சிதமாகப் பொருந்தியது. பங்க்குக்குள் அது ஆபீஸ் ரூம் இரும்புப் பெட்டியில் இருக்கும். செல்போன் பேசாதே என்று போர்டு வைத்திருக்கிற இடத்தில் இதை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது அவளுக்கே சரியாகப் படவில்லை. கிளம்பும்போது எடுத்துக் கட்டிக்கொள்வாள். ஆனாலும் சென்றாயன் மொபட்டில் பின்னால் வருவது நிற்கவில்லை. அவரும் வரட்டுமா என்று கேட்கவில்லை, அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வளைவு வந்ததும் அவள் கை இடுப்பைத் தொட்டுப் பார்க்கும், கண்ணாடியில் பின்னால் மொபட் வெளிச்சத்தைத் தேடும். இரண்டும் இருந்தால்தான் தாண்டுவாள்.

இப்படிப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் டிவியில் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒரு வாரத்துக்குள் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் நடக்கிறதுதான். பானுமதிக்கு இதுதான் முதல் தடவை.

அன்றைக்கே தமிழ்ச்செல்வன் கூப்பிட்டான். "அம்மா, நம்ம பேச்சு என்னா? அது இருந்தா நீ அங்க, இல்லன்னா இங்க. ரெண்டு மாசம் அது இல்லாம எப்படி? சென்றாயண்ணன் பாத்துக்கட்டும். வந்துடு."

ரெண்டு மாசம் என்று போனால் அது இரண்டு மாசத்தோடு நிற்காது என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். "குடுத்துட்டு வந்து பேசறேன்" என்று போனை வைத்தாள்.

ஸ்டேஷனுக்குச் சென்றாயனும் கூட வந்தார். அங்கே அன்றைக்குப் பார்த்தால் ஊரிலுள்ள துப்பாக்கி எல்லாம் வரிசையில் நின்றது. தோளில் கைக்குழந்தையைப் போல நீளத் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார் ஒரு மாந்தோப்புக்காரர். நான்கு மணிக்குப் பங்க்கிலிருந்து போன். டேங்கர் லோடு வந்து நிற்கிறது, இறக்கும்போது பொறுப்பான ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். "நீங்க போங்கண்ணா" என்றாள். "முடிச்சிட்டு வந்துடறங்க மா. இங்கியே இருங்க, தனியா கெளம்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவள் முறை வந்தபோது ஐந்தரை. ஸ்டேஷன் ரைட்டர் துப்பாக்கி நம்பரைச் சரிபார்த்து எழுதிக்கொண்டார். உருளையைத் திறந்து அவளே காட்டினாள். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. இடுப்பு லேசாக இருந்தது. அந்த லேசு அவளுக்குப் பிடிக்கவில்லை. சென்றாயனுக்குப் போன் போட்டாள். "இன்னும் அரை மணி நேரம் ஆவும்போல இருக்குதுங்க. அங்கியே ஒக்காருங்க" என்றார்.

ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து யோசித்தாள். துப்பாக்கி இல்லை. மொபட் இல்லை. இன்றைக்கு இங்கே உட்கார்ந்தால் நாளைக்கு ஒசூரில் உட்கார வேண்டியதுதான். சாவியைப் போட்டுத் திருகினாள்.

காரிமங்கலம் கடைவீதி தாண்டும்வரை ஒன்றுமில்லை. பங்க்கில் நின்றால் துணையோடுதான் போக வேண்டிவரும் என்று நிற்காமல் தாண்டிக் கிளைச்சாலையில் இறங்கியதும் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. ஏரிக்கரை தெரிந்தது. வளைவுக்கு ஐம்பதடி இருக்கும்போது கால் தானாகத் தரையைத் தேடியது. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம். மணிக்கட்டில் தகடு இருக்கும் இடம் விண்ணென்று தெறித்தது. பானுமதி கட்டைவிரலால் ஹார்னை அழுத்தினாள். அழுத்தியவள் எடுக்கவில்லை. பீ என்று ஒரே சத்தமாக வளைவு முழுக்க அடித்துக்கொண்டே போனாள். கரையில் மேய்ந்த ஆடுகள் நாலாபக்கமும் தெறித்தன. ஆட்டுக்காரர் கோலோடு ரோட்டுக்கு ஓடிவந்தார்.

"என்னம்மா, பிரேக்கு புடிக்கலீங்களா?"

வளைவைத் தாண்டி வண்டியை நிறுத்தினாள். "பிரேக்கெல்லாம் நல்லாத்தாங்க புடிக்குது. பயத்துல அடிச்சேன்."

"இப்பப் போயிடுச்சிங்களா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க" என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

முகம் கழுவுவதற்குள் மகன் கூப்பிட்டுவிட்டான். "சென்றாயண்ணன் ஸ்டேஷன்ல தேடிட்டு இருக்காரு. நீ எங்க இருக்க?"

"வூட்டுல."

"யாரு கூட வந்த?"

"யாரு கூடவும் இல்ல. ஒத்தையில வந்தேன்."

அவன் மெதுவாகக் கேட்டான். "பயமா இல்லியாம்மா?"

"இருந்துச்சுடா. ரொம்ப இருந்துச்சு. ஆடு மேய்க்கறவரு வந்து கேக்கற அளவுக்கு இருந்துச்சு. ஆனா வந்துட்டேன். நாளைக்கும் வருவேன்."

சண்டைக்குத் தயாராகத்தான் அவள் போனைக் காதில் வைத்திருந்தாள். அவன் வேறு ஒன்று கேட்டான்.

"அம்மா, உனக்குன்னு இங்க ஒரு ரூமு வச்சிருந்தேன். கட்டிலு, ஃபேனு எல்லாம் போட்டு, யாரையும் படுக்க வுடல. அத இப்ப பாப்பாவுக்குக் குடுத்துடட்டுமா?"

பானுமதிக்கு இது தெரியாது. இரண்டு வருஷமாக ஒரு கட்டில் தனக்காகக் காத்துக்கொண்டிருந்தது என்று யாரும் சொன்னதில்லை. புருஷனின் சட்டைக் கையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"குடுத்துடுடா" என்றாள். "நான் வந்தா பாப்பாகூடப் படுத்துக்கறேன்."